"மிதிச்சா கேக்கல, அண்ணாச்சி": வில்லடி மேடையில் பெடலும் லேப்டாப்பும் மக்கர் செய்தால்

வில்லடிக் குழுவில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருகிறவன் நான். என் வேலை முழுக்கக் காலால்தான். வில்லில் ஒட்டி அதன் அதிர்வை எடுக்கும் காண்டாக்ட் மைக் (பிக்கப் என்றும் சொல்வேன்), குடத்து வாயருகே ஒரு மைக், கதையை முன்னின்று பாடும் புலவரின் மைக், மூன்றும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி வழியாக லேப்டாப்புக்கு வரும். லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேர் ஓடும், எதிரொலி மாதிரி எஃபெக்ட்களைச் சேர்ப்பது அதுதான். காலடியில், லேப்டாப்புக்கு மிடி என்ற கட்டளைச் செய்திகளை அனுப்பும் ஆறு சுவிட்ச் மிடி பெடல் ஒன்றும், முன்னும் பின்னும் சாய்த்து எஃபெக்டின் அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்றும் இருக்கும். சுடலை மயானத்துக்குப் போகிற இடத்தில் வில்லின் மணியோசை நீண்டு கரைய வேண்டும். இசக்கி கதையில் புலவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து எழும்புவது போலக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கம்பியும்.

புலவரும் வலத்தே இடத்தே பாடுகிறவர்களும் தரையில் சம்மணமிட்டு இருப்பார்கள். புலவரின் இரண்டு கையிலும் வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல். அவர்களால் எதையும் தொட முடியாது. கோயில் கொடையின் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடையில் சாமியாடி இறங்கிவிட்ட பிறகு பாட்டை நிறுத்தி லேப்டாப்பை அணைத்துப் போடவும் முடியாது. அந்த நேரத்தில் என்ன தப்பு என்று காதாலேயே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். நெல்லைப் பக்கத்து ஊர்களில் புதிதாகப் பெடல் வாங்கியிருக்கும் தம்பிமார் என்னிடம் கேட்கிற கேள்விகளை, அவர்கள் சொல்கிற அறிகுறியின் பெயரிலேயே இங்கே எழுதுகிறேன். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கும் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஒரு பழக்கத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலி போகிற பாதை ஒரு வாய்க்கால். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மடையிலிருந்து வரப்போரமாக நடந்து பார்ப்போம் அல்லவா, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்: மைக், கேபிள், இன்டர்ஃபேஸ், சாஃப்ட்வேர், மிக்ஸர், ஸ்பீக்கர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் மூன்றை ஒன்றாகத் திருகிவிட்டால், சரியாகிப் போனாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த கொடையில் அதே இடத்தில் மறுபடி திணறுவீர்கள்.

மிதித்தால் ஒன்றுமே நடக்கவில்லை

வில்லின் ஒலி ஸ்பீக்கரில் வருகிறதா என்று பாருங்கள். ஒலி வருகிறது, எஃபெக்ட் மட்டும் மாறவில்லை என்றால் கோளாறு பெடலிலிருந்து லேப்டாப்புக்கு வரும் மிடிப் பாதையில். ஒலியே வரவில்லை என்றால் பெடலை விட்டுவிட்டு ஒலிப் பாதையைப் பாருங்கள்.

மிடிப் பாதையில் நான் அதிகம் பார்த்த தவறு, பெடலைச் செருகாமல் ரீப்பரைத் திறந்துவிட்டு அப்புறம் செருகுவது. முதலில் யுஎஸ்பியைச் செருகி, அதன்பிறகு சாஃப்ட்வேரைத் திறங்கள். ரீப்பரின் பிரிஃபரன்ஸில் மிடி கருவிகளின் பட்டியல் இருக்கும். அதில் பெடலின் பெயருக்கு இன்புட்டை இயக்கினால் மட்டும் போதாது. கன்ட்ரோல் செய்திகளை ஏற்கும் தேர்வையும் இயக்க வேண்டும். அது இல்லாமல், எந்த மிதி எதை இயக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் "லேர்ன்" பொத்தானை அமுக்கிவிட்டு எத்தனை தடவை மிதித்தாலும் ரீப்பர் கண்டுகொள்ளாது. வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் சில லேப்டாப்கள் அதைப் புதுக் கருவியாக எண்ணிக்கொள்ளும், பழைய இணைப்பு போய்விடும். என் லேப்டாப்பின் இடப்பக்கத் துளையில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பெடல் எப்போதும் அங்கேதான்.

ஒலிப் பாதையில் இரண்டு இடம். ரீப்பரில் அந்த டிராக் ரெக்கார்டுக்குத் தயாராகச் சிவந்திருக்க வேண்டும், மானிட்டர் பொத்தானும் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வரும் ஒலி வெளியே போகாது. இன்னொன்று, வேறு ஜன்னலுக்கு மாறினால் ஆடியோ கருவியை மூடிவிடும் ஒரு தேர்வு ரீப்பரில் உண்டு. பாட்டு வரிகள் இருக்கிற ஃபைலைத் திறந்த நொடியில் ஒலி நின்றுபோகிறது என்றால் காரணம் இதுதான். பிரிஃபரன்ஸின் ஆடியோ பகுதியில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

மிதித்தால் அணைகிறது, காலை எடுத்தால் எரிகிறது

பெடல் தலைகீழாக வேலை செய்கிறது. கீபோர்டில் சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடல்களில் இரண்டு சாதி: மிதிக்காதபோது சுற்று மூடியிருப்பது ஒன்று, திறந்திருப்பது இன்னொன்று. கீபோர்டு கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். பல கீபோர்டுகள் சுவிட்ச் போடும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே "மிதிக்காத நிலை" என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மின்சாரம் கொடுக்கும்போது கால் பெடல் மேல் இருக்கக் கூடாது. அணைத்து, காலை எடுத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். பெடலின் அடியில் திசை மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தால் அதையும் பார்க்கலாம்.

மிதித்துக்கொண்டே இருந்தால்தான் எஃபெக்ட் நிற்கிறது, அல்லது இரண்டு தடவை மிதித்தால்தான் ஒரு தடவை மாறுகிறது என்றால் இது வேறு கதை. மிடி சுவிட்ச் மிதிக்கையில் 127, விடுகையில் 0 என்று அனுப்பும். 64-க்குக் கீழே அணை, 64-இலிருந்து மேலே இயக்கு. மிதித்திருக்கும் வரை மட்டும் வேலை செய்வது ஒரு முறை, ஒரு மிதிக்கு மாறி அப்படியே நிற்பது இன்னொரு முறை. பெடலும் சாஃப்ட்வேரும் இரண்டுமே "மாறி நிற்கும்" முறையில் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் அந்த முறையை வையுங்கள். நான் பெடலைச் சாதாரண முறையில் விட்டுவிட்டு சாஃப்ட்வேரில்தான் மாற்றி வைப்பேன்.

எக்ஸ்பிரஷன் பெடல் பாதிதான் போகிறது, அல்லது குதிக்கிறது

முதலில் கேபிளின் ஜாக்கில் எத்தனை கறுப்பு வளையம் என்று எண்ணுங்கள். எக்ஸ்பிரஷன் பெடலுக்கு இரண்டு வளையம் உள்ள ஸ்டீரியோ ஜாக் வேண்டும். அவசரத்தில் ஒரு வளையம் உள்ள கிட்டார் கேபிளைச் செருகியிருப்பீர்கள். கேபிள் சரியென்றால், பெடலுக்குள் இருக்கும், சாய்க்கச் சாய்க்க அளவு மாறும் பொட்டன்ஷியோமீட்டரின் நடுக்கம்பி ஜாக்கின் நுனிக்குப் போகிறதா, வளையத்துக்குப் போகிறதா என்பதில் கம்பெனிகள் ஒத்துப்போவதில்லை. பொருந்தாத ஜோடியில் பெடல் முழுத் தூரம் போகாது, அல்லது கடைசிக் கால் பங்கில் மட்டும் சட்டென்று துள்ளும். இரண்டையும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உள்ள பெடலாகப் பார்த்து வாங்குங்கள்.

போன மாதம் சரியாக இருந்து இப்போது குதிக்கிறது என்றால், தூசி. நம் பக்கத்துத் தேரிமண் புகாத இடம் கிடையாது. உவரி, இடிந்தகரை என்று கடலோரக் கொடைக்குப் போய்வந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கான்டாக்ட் கிளீனரை ஒரு தடவை அடித்து, பெடலை முன்னும் பின்னும் முப்பது நாற்பது முறை ஆட்டுங்கள். மேடையில் வெறும் பலகை மேல் பெடலை வைக்காமல் கோரைப்பாய்த் துண்டை விரித்து வைத்தால் வழுக்காது, மண்ணும் குறையும். பத்தமடைப் பாய் இதற்குத் தேவையில்லை, சாதாரணக் கோரை போதும்.

சத்தம் பிந்தி வருகிறது

"தம்பி, நான் அடிக்கது ஒண்ணு, கேக்கது ஒண்ணா இருக்குடே" என்று புலவர் சொன்னால் அதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். வில்லுப்பாட்டின் உயிர் புலவரின் அடிக்கும் இடத்தே இருப்பவரின் "ஆமா"வுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒட்டுதல்தான். அது பிரிந்தால் எந்த எஃபெக்ட் போட்டும் பிரயோசனமில்லை.

லேப்டாப் ஒலியைத் துளித்துளியாக அல்ல, குடம் குடமாக மொண்டு வேலை செய்கிறது. அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர். ஒலியின் ஒரு துளிக்குப் பெயர் சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லி செகண்ட். 1024 என்றால் 21.3. உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம், ஆக இரட்டிப்பு. 1024-இல் கிட்டத்தட்ட 43 மில்லி செகண்ட். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், புலவர் தன் வில்லைச் சுமார் 15 மீட்டர் தள்ளி வைத்து அடிப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் யாராலும் தாளம் ஒட்டிப் பாட முடியாது. 10 மில்லி செகண்டுக்குள் கொண்டுவந்தால் மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல. பெரும்பாலும் யாருக்கும் உறுத்தாது.

முதலில் டிரைவரைப் பாருங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் கம்பெனி கொடுக்கும் ஏசியோ டிரைவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸின் பழைய பொது டிரைவரில் இருந்தால் பஃபரை எவ்வளவு குறைத்தாலும் தாமதம் போகாது. அடுத்து பஃபரை 128-க்கு இறக்குங்கள், லேப்டாப் தாங்கவில்லை என்றால் 256.

இரண்டும் சரியாக இருந்தும் பிந்துகிறதா? குற்றவாளி ஒரு பிளக்இன், அதாவது ரீப்பருக்குள் சேர்க்கும் எஃபெக்ட். ரீப்பரில் எஃபெக்ட் ஜன்னலின் அடியில் அந்த எஃபெக்ட் எத்தனை சாம்பிள் தாமதம் கூட்டுகிறது என்று எழுதியிருக்கும். சுருதி இறக்கும் எஃபெக்ட், முன்கூட்டிப் பார்த்து அமுக்கும் லிமிட்டர், இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் எல்லாம் நேரம் எடுத்துக்கொள்கிறவை. 4096 சாம்பிள் என்று காட்டினால் அது மட்டுமே 85 மில்லி செகண்ட். மேடை இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்று இரைச்சல் நீக்கியை வில்லின் மேல் போட்டுவிட்டு, வாரக்கணக்கில் பஃபரோடு மல்லுக்கட்டிய தம்பி ஒருவரை எனக்குத் தெரியும்.

இந்தத் தாமதத்துக்கு நான் கண்ட நல்ல தீர்வு சாஃப்ட்வேருக்கு வெளியே இருக்கிறது. வில்லின் பிக்கப்பை ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (பிக்கப்பின் மெல்லிய ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும், மின்சாரத்தில் ஓடும் சிறு பெட்டி) ஒன்றில் செருகுங்கள். அதிலிருந்து ஒரு கேபிள் நேராக மிக்ஸருக்கு, இன்னொன்று லேப்டாப்புக்கு. பச்சையான வில்லோசை மிக்ஸரில் தாமதமே இல்லாமல் கேட்கும். லேப்டாப் எதிரொலியையும் கரைசலையும் மட்டும் சேர்க்கும். எதிரொலி 20 மில்லி செகண்ட் பிந்தி வந்தால் யார் காதுக்குத் தெரியப்போகிறது? எதிரொலியே பிந்தி வருவதுதானே. லேப்டாப் பக்கத்தில் எஃபெக்டின் கலவையை முழுக்க ஈரத்துக்கு ("வெட்": எஃபெக்ட் ஒலி மட்டும், பச்சை ஒலி இல்லை) திருப்பிவிடுங்கள். பச்சை ஒலி இரண்டு வழியாகவும் வந்து கலந்தால் குழாய்க்குள் அடிப்பது போல ஒலி குழிந்துவிடும்.

படபடவென்று பொரிகிறது

பஃபர் மிகச் சிறியது, லேப்டாப் மூச்சு வாங்குகிறது. 128-இல் பொரிந்தால் 256-க்குப் போங்கள். ஒத்திகையில் பொரியாமல் மேடையில் ஒரு மணி நேரம் கழித்துப் பொரிந்தால் அது வெயில். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில், தகரக் கொட்டகைக்குக் கீழே ஃபோகஸ் லைட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப் இருந்தால், சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பின் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்குங்கள். துணி மேல் வைக்காதீர்கள். சின்ன டேபிள் ஃபேன் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அதன் காற்று புலவரின் மைக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபையையும் புளூடூத்தையும் அணையுங்கள். மின்சேமிப்பு முறையை எடுத்துவிட்டு அதிகபட்ச வேகத்துக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி ஹப் வழியாக இன்டர்ஃபேஸைச் செருகாதீர்கள்.

ஙொய்யென்று இரைகிறது

இதற்குச் சாஃப்ட்வேரில் மருந்து தேடவே தேடாதீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அந்த 50-உம் அதன் மடங்கான 100-உம்தான் இந்த இரைச்சல்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் தரைச்சுற்று: லேப்டாப்பும் மிக்ஸரும் வெவ்வேறு வழியாகப் பூமியைத் தொடுகின்றன, அந்த இரண்டு வழிக்கும் நடுவே ஓடும் சிறு மின்னோட்டம் ஒலிக் கேபிளில் ஏறுகிறது. லேப்டாப்பின் பிளக்கையும் மிக்ஸரின் பிளக்கையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் இன்டர்ஃபேஸுக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸைப் போட்டு, ஒலிக் கேபிளின் பூமி இணைப்பை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்.

பிளக்கின் பூமி முனையை மட்டும் உடைக்காதீர்கள், டேப் ஒட்டவும் வேண்டாம். இரைச்சல் நிற்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கொடை மேடை ஈரத் தரை. மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், வெறுங்காலில் ஆடுவார்கள். ஜெனரேட்டரில் ஏதாவது கோளாறு என்றால் இரும்பு மைக்கைப் பிடித்திருக்கிறவர் உயிருக்கே ஆபத்து.

ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் கேபிளின் ஷீல்டு அறுந்திருக்கிறது, அல்லது காண்டாக்ட் மைக்கின் சாலிடர் விட்டிருக்கிறது. ஙொய்யென்று இல்லாமல் "ஜிர்ர்" என்று கரகரத்து, சீரியல் லைட் மின்னும் தாளத்துக்கு ஏறி இறங்கினால், அலங்கார விளக்குக்காரர் தன் வயரை உங்கள் ஆடியோ கேபிளோடு சேர்த்துக் கட்டியிருப்பார். பிரித்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க விடுங்கள், பக்கத்தில் ஓடவிடாதீர்கள். ஒன்பது வோல்ட் ஸ்டாம்ப்பெட்டிப் பெடல்கள் (ஒவ்வொன்றிலும் ஒரு எஃபெக்ட் உள்ள சிறு பெட்டிகள்) சேர்த்திருந்தால், ஐந்து பெடலுக்கு ஒரே அடாப்டரில் கிளை கிளையாக எடுப்பதும் இரைச்சல் தரும். ஒரு பெடலை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வில் தகரம் போல ஒலிக்கிறது

மணியின் ஜலஜல மட்டும் கேட்கிறது, வீசுகோல் நாணில் விழும் கனம் கேட்கவில்லை. பிக்கப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிக்கப்புக்குள் இருக்கும், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ தட்டு மின்சாரத்துக்கு ஒரு சிறு கன்டென்சர். கடையில் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் தட்டு சுமார் 20 நானோஃபேரட் இருக்கும். அதை 10 கிலோ ஓம் உள்ள லைன் இன்புட்டில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் வடிந்துபோகும். வில்லின் கனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதே தட்டை ஒரு மெகா ஓம் இன்புட்டில் செருகினால் வடிகட்டும் இடம் 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். ஒன்றும் இழக்க மாட்டீர்கள். இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்ட சுவிட்ச், அல்லது "இன்ஸ்ட்" என்று எழுதிய பொத்தான் இதற்குத்தான். ஈக்வலைசரில் பாஸைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால் இரைச்சல்தான் கூடும்.

கனம் வந்துவிட்டது, ஆனால் அடிக்கும்போது உடைகிறது என்றால் கெயினை, அதாவது இன்டர்ஃபேஸுக்குள் வரும் ஒலியின் பெருக்கத்தை, குறையுங்கள். மணிகளின் முதல் அதிர்வு மிகக் கூர்மையானது, மீட்டரின் முள் அதைப் பிடிக்கும் முன்பே போய்விடும். புலவரைத் தன் முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். ஒத்திகையில் மெதுவாகத்தான் அடிப்பார். சாமி வந்த பிறகு அடிக்கிற அடி வேறு.

ஊளையிடுகிறது

வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். மானிட்டர் ஸ்பீக்கர் அந்தக் குடத்துக்குள் இருக்கும் காற்றை அசைக்கும், குடம் வில்லை அசைக்கும், வில் பிக்கப்பை அசைக்கும். இந்தச் சுற்று எஃபெக்ட் போடும்போது இன்னும் மோசமாகும். கம்பிரசரும் டிஸ்டார்ஷனும் சின்ன ஒலியைப் பெரிதாக்குகிறவை. மிதித்த மாத்திரத்தில் ஊளை கிளம்பினால் அந்த இரண்டில் ஒன்றுதான்.

மானிட்டரைக் குடத்தின் வாய்க்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டுக்குத் திருப்புங்கள். பிக்கப்பைக் குடத்தின் மேல் இல்லாமல் வில்லின் ஒரு நுனிப் பக்கம் நகர்த்துங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அப்புறமும் ஊளையிட்டால், ஊளையின் சுருதியைக் கண்டுபிடித்து ஈக்வலைசரில் ஒல்லியான ஒரு பள்ளம், 6 டெசிபெல் ஆழம் போதும்.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சுரம் இருப்பது போல ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு சுரம் உண்டு. அதனால்தான் போன கொடையில் பாடுபட்டு வெட்டிய பள்ளம் இந்தக் கொடையில் உதவுவதில்லை. குடம் மாறினால் ஊளையின் சுருதியும் மாறும். குடத்தின் வாயருகே காதை வைத்து, "ஊ" என்று கீழிருந்து மேலே இழுத்துப் பாடிப் பாருங்கள். ஒரு இடத்தில் குடம் உங்கள் குரலை வாங்கி முழங்கும். பள்ளம் அங்கே.

எஃபெக்ட் மாற்றும்போது ஒரு வெட்டு விழுகிறது

மிதிக்கும்போது சாஃப்ட்வேர் முன்பே சேமித்து வைத்த எஃபெக்ட் அமைப்பான பிரீசெட் ஒன்றைப் புதிதாகத் திறக்கிறது, அதற்கு நேரம் பிடிக்கிறது. கதைக்கு வேண்டிய எல்லா எஃபெக்டையும் முன்பே திறந்து வைத்து, மிதியால் இயக்குவதும் அணைப்பதும் மட்டும் செய்யுங்கள். எதிரொலியின் வால் அறுந்துபோனால், எஃபெக்டை அணைக்காமல் அதற்குள் போகும் ஒலியை மட்டும் பெடலால் மூடுங்கள். வால் தானாகத் தேய்ந்து மறையும். எதிரொலி தாளத்தோடு ஒட்டவில்லை என்றால் 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால் வகுங்கள். 120 அடி என்றால் 500 மில்லி செகண்ட். புலவர் வேகம் கூட்டிக்கொண்டே போகிற உச்சகட்டத்தில் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே நான் எதிரொலியை எடுத்துவிட்டு மண்டபத்தின் முழக்கம் போலக் கரையும் ரிவெர்பை மட்டும் வைத்துக்கொள்வேன்.

லேப்டாப் செத்துப்போனது

திரை உறைந்தால் தொடாதீர்கள். மிக்ஸரில் லேப்டாப் வருகிற சேனலை இறக்குங்கள், அவ்வளவுதான். டிஐ பாக்ஸிலிருந்து வில் நேராக மிக்ஸருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. புலவரின் மைக்குக்கும் ஸ்ப்ளிட்டர் கேபிள் போட்டு இதே போல இரண்டு வழி வைத்திருந்தால் அவர் குரலும் நிற்காது. அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "ஆமா" விழுந்துகொண்டே இருக்கும். பூசை இடைவேளையில் நிதானமாக லேப்டாப்பை அணைத்துப் போட்டு, பெடலைப் புள்ளி வைத்த துளையில் செருகி, பிறகு ரீப்பரைத் திறங்கள்.